பில்லில் முதலாளி, பாக்கியில் கூலி

சித்தூரில் எலக்ட்ரிகல் வேலையை கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிற்சாலையில் 3,00,000 ரூபாய்க்கு வயரிங் வேலை முடித்து பில் கொடுக்கிறார். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 54,000. பில் தொகை 3,54,000. கம்பெனி அதில் 3,000 ரூபாயை டிடிஎஸ் என்று பிடிக்கிறது. பின்னால் பழுது வந்தால் பார்த்துக்கொள்ள என்று 5 சதவீதம், அதாவது 15,000 ரூபாயை நிறுத்தி வைக்கிறது. பேங்கில் விழுவது 3,36,000. மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு அதற்கு மேலேயே வந்துவிட்டதே என்று தோன்றும். அதில் 54,000 அவருடைய பணமே அல்ல. அரசாங்கத்துக்குப் போக வேண்டியது வழியில் அவர் கணக்கில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அவர் பணம் 2,82,000. அதிலிருந்துதான் வயர், பைப், மூன்று ஆள் கூலி, பைக் பெட்ரோல், கடைசியில் குடும்பம்.

பில் வந்த மாதம் மகளுக்கு ஃபீஸ் கட்டி, அடுத்த மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டக் கடன் வாங்கியவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மாதச் சம்பளக்காரனைவிட நன்றாகவே தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வரிச் சட்டங்களுக்கு முன்னால் கான்ட்ராக்டர் ஒரு முதலாளி. பில் போட்ட நாளிலேயே பணம் வந்துவிட்டதாக வைத்து அவரிடம் வரி கேட்கப்படுகிறது. காசு வாங்கப் போகும்போதோ அவர் கூலிக்காரர். அதிலும் கூலிக்காரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இல்லாத கூலிக்காரர்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்த இரட்டை வாழ்க்கை வாழ்பவர்கள் பல வகை. நகரியில் விசைத்தறி வைத்து கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள். சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு சீசனில் லாரி ஓட்டுபவர்கள். திருப்பதி பக்கம் கரகம்பாடியின் பேட்டரித் தொழிற்சாலைகளிலும், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியிலும் பராமரிப்பு, பெயிண்டிங், ஆள் சப்ளை எடுத்தவர்கள். திருப்பதியில் வீட்டிலிருந்தபடி பெங்களூர் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதும் இளைஞர்கள். கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் ‘கன்சல்டன்ட்’ என்ற பெயரில் வேலை பார்ப்பவர்கள். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறி, திருத்தணி அந்தப் பக்கமும் சத்தியவேடு இந்தப் பக்கமும் போனதிலிருந்து இங்கே தமிழ் பேசும் பலர் தமிழில் பேரம் பேசி, தெலுங்கில் ஆபீஸ் ஏறி, ஆங்கிலத்தில் ரிட்டர்ன் போடுகிறார்கள். 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. வரியைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினையால் ஒன்றுமில்லை. 1960இல் போட்ட கோடுதான் இன்றும் விலை கேட்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், கான்ட்ராக்டர் என்பவர் யார்? பேப்பரில் அப்படி எழுதியிருந்தால் போதுமா? போதாது. 1956இல் தாரங்கத்ரா கெமிக்கல்ஸ் வழக்கில் உப்பளத் தொழிலாளர்கள் பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவர்கள் உற்பத்தி அளவுக்குக் கூலி வாங்கினார்கள், தாங்களே ஆள் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் கம்பெனியின் பிடி இருந்ததால் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பானது. அடுத்த வழக்கு அன்றைய ஆந்திரத்திலிருந்தே போனது. செகந்திராபாத்தின் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸில் துணிக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுத்தவர்கள், வேலைக்கு வந்தாலும் வராவிட்டாலும் கேள்வி இல்லை. 1973இல் உச்ச நீதிமன்றம் அவர்களையும் ஊழியர்கள் என்றது. கடையின் மிஷினில் கடைக்குள் உட்கார்ந்து தைக்கிறார்கள், தையல் சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரருக்கு இருக்கிறது, அது போதும் என்றது.

ஒன்பது மணிக்கு வந்து கைரேகை வைத்து, கம்பெனி கம்ப்யூட்டரில் வேலை செய்து, லீவுக்கு மேனேஜரைக் கேட்டுவிட்டு, மாதக் கடைசியில் ‘கன்சல்டன்சி பில்’ கொடுப்பவர் இந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை. வருமான வரியில் சம்பளக்காரருக்குப் புதிய முறையில் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக் கழிவும் இல்லை. ஆனால் 10 சதவீதம் பிடித்துவிடுகிறார்கள்.

பிடித்தம் என்றாலே வரி கட்டியாகிவிட்டது என்று நினைப்பதுதான் முதல் குழப்பம். டிடிஎஸ் என்பது வரிக்கான முன்பணம். அதில் தனியாக ஒரு வரி இல்லை. வேலை ஒப்பந்தம் என்றால் தனிநபருக்கு 1 சதவீதம், கம்பெனி அல்லது கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம். ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். தொழில்முறை ஆலோசனைக் கட்டணம் என்றால் 10 சதவீதம், தொழில்நுட்பச் சேவை என்றால் 2. அந்தக் கட்டணங்களுக்கான வரம்பு 2025 ஏப்ரலில் 30,000இலிருந்து 50,000 ஆனது. பான் நம்பர் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். ஜிஎஸ்டியை பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் அதன்மேல் டிடிஎஸ் பிடிக்கக் கூடாது. முதல் பத்தியில் 3,000 பிடித்தார்களே தவிர 3,540 பிடிக்கவில்லை என்பதன் காரணம் அதுதான். சிறு ஊர் அக்கவுன்டன்டுகள் பல பேர் மொத்த பில்லுக்கும் பிடித்துவிடுகிறார்கள். அது தொலைந்துபோவதில்லை, ரிட்டர்னில் கேட்டு வாங்கலாம். ஆனால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

நகரி நெசவாளர்களிடம் டிடிஎஸ் பற்றிக் கேட்டால் பாதிப்பேர் கேள்விப்பட்டதில்லை என்பார்கள். அதற்கும் சட்டத்திலேயே காரணம் உண்டு. பாவு கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி தனிநபராக இருந்து, முந்தின வருஷ வியாபாரம் ஒரு கோடியைத் தாண்டாவிட்டால் அவர் பிடிக்கவே வேண்டியதில்லை. லாரிக்காரர்களுக்கும் ஒரு சலுகை இருக்கிறது. பத்து லாரிக்கு மேல் இல்லாதவர் பான் நம்பரோடு எழுதிக் கொடுத்துவிட்டால் வாடகையில் பிடித்தம் இல்லை.

வருமானத்தைக் கணக்கிடும் வழிக்கு வருவோம். சிறு கான்ட்ராக்டருக்கு அரசு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. பழைய சட்டத்தில் 44ஏடி, 44ஏடிஏ, 44ஏஇ என்ற மூன்று பிரிவுகள். 1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் செல்லும் 2025ஆம் வருஷச் சட்டத்தில் மூன்றும் 58ஆம் பிரிவு என்ற ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. சம்பளம் தவிர மற்ற டிடிஎஸ் எல்லாம் 393இல். ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்று பாதிப்பேரைக் குழப்பிய இரண்டு பெயர்கள் போய் ‘வரி ஆண்டு’ என்று ஒன்றே ஆனது. நம்பர் மாறியதே தவிர கணக்கு பெரும்பாலும் அதேதான்.

வியாபாரம், வேலை ஒப்பந்தம் செய்பவர் வருஷ வரவு இரண்டு கோடிக்குள் இருந்தால் (ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் மூன்று கோடி) பேரேடு எழுத வேண்டியதில்லை. பேங்க் வழியாக வந்ததில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம், அல்லது அதைவிட அதிகம் சம்பாதித்திருந்தால் அந்தத் தொகை, லாபம் என்று காட்டினால் போதும். நம் எலக்ட்ரீஷியனுக்கு வருஷம் 24 லட்சம் வந்தது என்றால் 6 சதவீதம் 1,44,000. வரியே இல்லை. கம்பெனி பிடித்த 24,000 திரும்பி வரும். ரிட்டர்ன் போடாவிட்டால் வராது. வரி இல்லை என்பதற்காக ரிட்டர்ன் போடாமல் வருஷா வருஷம் அந்தப் பணத்தை அரசாங்கத்திடமே விட்டுவிட்டவர்கள் பலர்.

என்ஜினீயர், டாக்டர், கணக்காளர், ஐடி ஆலோசகர் முதலியோருக்கு வேறு விகிதம். வரவில் பாதி லாபம். வரம்பு 50 லட்சம், ரொக்கம் குறைவாக இருந்தால் 75 லட்சம். திருப்பதியில் உட்கார்ந்து 20 லட்சம் சம்பாதிக்கும் சாஃப்ட்வேர்க்காரருக்கு வருமானம் 10 லட்சம் என்றாகிறது. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கும் வரி பூஜ்யம். 10 சதவீதம் பிடித்த இரண்டு லட்சமும் ரீஃபண்ட். இந்த முறையில் இருப்பவர் வரி வருமானால் முன்வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். மற்றவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணை.

லாரிக்காரர் கதை வேறு மாதிரி. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய், சிறிய வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானமாகக் கொள்ளப்படும். 16 டன் லாரி என்றால் மாதம் 16,000. வண்டி ஓடிய மாதம் என்று சட்டம் சொல்லவில்லை, வைத்திருந்த மாதம் என்கிறது. தோத்தாபுரி மாம்பழ சீசன் ஏறக்குறைய இரண்டு மாதம். மீதிப் பத்து மாதம் லாரி புளியமரத்தடியில் நின்றாலும் கணக்கு ஓடும். நின்ற வண்டிக்கு வரி கட்ட மனமில்லாதவர் முறையாகப் பேரேடு எழுதித்தான் தப்பிக்க வேண்டும்.

மாம்பழம் என்றதும் இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, உண்மைதான். ஆனால் தோட்டத்தில் காயைப் பூவிலேயே விலை பேசி வாங்கி, பறித்து, தொழிற்சாலையில் போடுபவர் விவசாயி அல்லர், வியாபாரி. 2025இல் விலை விழுந்தபோது கிலோவுக்கு தொழிற்சாலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று 12 ரூபாய்க்குக் கணக்குப் போட்டார்களே, அந்த நாலு ரூபாய் உதவியும் விவசாயிக்கு. நடுவில் நின்றவருக்கு நஷ்டம் மட்டும் சொந்தம்.

குறுக்குவழிக்கு ஒரு விலையும் உண்டு, அதை ஆடிட்டர்கள் சொல்வதில்லை. (இங்கே ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் யாரையும் ஆடிட்டர் என்றே அழைப்பார்கள். அவர் சிஏ படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை.) மூன்று வருஷம் 1,44,000 வருமானம் என்று காட்டியவர் வீட்டுக் கடனுக்கு பேங்க் வாசலில் நிற்கும்போது மேனேஜர் அந்த ரிட்டர்னைத்தான் பார்ப்பார். அந்த வருமானத்துக்கு என்ன கடன் கிடைக்கும்? பிறகு தனியார் ஃபைனான்ஸ், அங்கே இரண்டு வட்டி. மிச்சம் பிடித்த வரி அந்த வட்டியில் போகிறது.

இப்போது ஜிஎஸ்டி. சேவை செய்பவர் வருஷம் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்துக்குச் சேவை செய்தாலும் அந்த 20 லட்சம் வரம்பு பொருந்தும். பொருள் விற்பவருக்கு அப்படி இல்லை. மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலேயே பதிவு வேண்டும். இங்கேதான் 1960 எல்லை. சித்தூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறிப் போய் வேலை செய்துவிட்டு இருட்டுமுன் திரும்பலாம். ஆனால் வேலூரில் ஒரு கட்டடத்துக்கு வயரிங் போட்டால், கட்டடம் எங்கே இருக்கிறதோ அதுதான் சேவை நடந்த இடம். பில்லில் 9+9 என்று மத்திய, மாநில வரி போடக் கூடாது. 18 சதவீதம் ஐஜிஎஸ்டி. தப்பான தலைப்பில் கட்டினால் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பார்த்தால் தெரியும், 37 என்றால் ஆந்திரம், 33 என்றால் தமிழ்நாடு. இதைப் பார்க்காமல் பில் போட்டவர்களே அதிகம்.

ஸ்ரீசிட்டி விஷயம் இன்னும் வேடிக்கை. சத்தியவேட்டில் இருப்பவர் பக்கத்தில், அதே மாவட்டத்தில், ஸ்ரீசிட்டியின் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் வேலை செய்தால் சட்டத்தின் கண்ணில் அது மாநிலங்களுக்கு இடையிலான வியாபாரம். ஐஜிஎஸ்டிதான். ஆனால் வரி பூஜ்யம். ‘எல்யூடி’ என்ற உறுதிக் கடிதத்தை போர்ட்டலில் வருஷத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டால் வரியில்லாமல் பில் போடலாம், வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியையும் திரும்பக் கேட்கலாம். மண்டலத்துக்கு வெளியே, அதே ஸ்ரீசிட்டிக்குள் உள்ள உள்நாட்டுப் பகுதியில் வேலை என்றால் வழக்கமான 9+9. ஒரே கேட்டுக்குள் இரண்டு தேசம்.

பணம் வராமலே ஜிஎஸ்டி கட்ட வேண்டியிருப்பதுதான் நெஞ்சில் அடிக்கும் பகுதி. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி. தாமதித்தால் 18 சதவீத வட்டி. கம்பெனியோ அந்த பில்லைக் காட்டி தன் வரியில் 54,000 குறைத்துக்கொள்கிறது. கான்ட்ராக்டருக்கு 180 நாளில் பணம் தராவிட்டால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதாவது, ஆறு மாதம் வரை கம்பெனிக்கு சித்தூர் எலக்ட்ரீஷியன் வட்டியில்லாக் கடன் தருகிறார்.

தொழில் வரி பற்றி ஒரு வரி போதும். அரசியல் சாசனத்தின் 276ஆம் பிரிவுப்படி வருஷத்துக்கு 2,500 ரூபாய்தான் உச்சம். தமிழ்நாட்டில் ஊராட்சியும் நகராட்சியும் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குவதை ஆந்திரத்தில் 1987ஆம் வருஷச் சட்டப்படி மாநில வணிகவரித் துறை வாங்குகிறது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆபீஸ் வைத்தவர் இதில் தடுமாறுவார்.

இதுவரை சொன்னதெல்லாம் தன் கணக்கு. கம்பெனியின் கணக்கைப் படிப்பது என்ற பாதி, என் பார்வையில், முக்கியமான பாதி. ஆனால் அதை யாரும் செய்வதில்லை. பெண் கொடுக்கும்முன் மாப்பிள்ளை வீட்டை நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். ஐந்து லட்ச ரூபாய்ப் பொருளை உள்ளே இறக்கும்முன் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியிடம் ‘கம்பெனி எப்படிண்ணா?’ என்று கேட்பதோடு சரி.

பிரைவேட் லிமிடெட் உட்பட எல்லா கம்பெனிகளும் வருஷா வருஷம் கணக்கை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் தாக்கல் செய்கின்றன. 100 ரூபாய் கட்டினால் யாரும் பார்க்கலாம். எந்த பேங்குக்கு எவ்வளவுக்கு சொத்தை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைக் காசில்லாமலே பார்க்கலாம். அந்த பேலன்ஸ் ஷீட்டில் லாபத்தைப் பார்க்காதீர்கள். லாபம் என்பது பேனாவில் வருவது. ‘டிரேட் பேயபிள்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். சப்ளையர்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் கொடுக்க வேண்டிய பாக்கி அது. வருஷக் கொள்முதல் 100 கோடி, பாக்கி 25 கோடி என்றால் சராசரி 91 நாள் கழித்துத்தான் காசு தருகிறார்கள் என்று பொருள். 2021இல் விதியைத் திருத்தி இன்னும் உதவி செய்திருக்கிறார்கள். அந்தப் பாக்கியில் ஒரு வருஷத்துக்குள் எவ்வளவு, இரண்டு வருஷம் ஆனது எவ்வளவு, மூன்றைத் தாண்டியது எவ்வளவு என்று வயது வாரியாக, சிறு தொழில்களுக்குத் தனியாகவும் மற்றவர்களுக்குத் தனியாகவும் அட்டவணை போட்டாக வேண்டும். மூன்று வருஷத்தைத் தாண்டிய பத்தியில் பெரிய எண் இருந்தால் அங்கே உங்களைப் போல் ஒருவர் ஏற்கெனவே நடையாய் நடந்துகொண்டிருக்கிறார்.

கணக்கு தாக்கலாக ஆறேழு மாதமாகும். அதற்குள் கம்பெனி சாய்ந்துவிடலாம். அப்போது வேறு மூன்று ஜன்னல்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் கம்பெனியின் எண்ணைப் போட்டால் மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறதா என்று தெரியும். பிஎஃப் அலுவலகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் எந்த மாதம் எத்தனை பேருக்குக் கட்டியது என்று தெரியும். மூன்றாவது உங்கள் சொந்தக் கணக்கு. 26ஏஎஸ் என்று பழகிப்போன பட்டியலில், உங்களிடம் பிடித்த டிடிஎஸ் ஏறியிருக்கிறதா பாருங்கள். காசு முட்டும் கம்பெனி முதலில் நிறுத்துவது இந்த மூன்றையும்தான், ஏனென்றால் பேங்க்காரன் மாதிரி இவை உடனே கதவைத் தட்டுவதில்லை. பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று பலர் பயப்படுவார்கள். 1961 சட்டத்தின் 205ஆம் பிரிவு, பிடிக்கப்பட்ட அளவுக்கு வரியை மறுபடி உங்களிடம் கேட்கக் கூடாது என்றது. பிடித்ததற்கான சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

பாக்கியை வாங்கும் சட்டம் ஒன்று உண்டு. 2006ஆம் வருஷ சிறுதொழில் சட்டப்படி, உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு தொழில்காரருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 என்றால் 18. 2024 ஏப்ரல் முதல் இன்னொரு கிடுக்கி சேர்ந்தது. அந்த 45 நாளைத் தாண்டிய பாக்கியை, கொடுக்கும்வரை, கம்பெனி தன் செலவாகக் காட்ட முடியாது. தட்டிக்கழித்தால் தன் வரி கூடும். நல்ல ஏற்பாடு. அது வந்ததும், உத்யம் பதிவு இல்லாதவர்களிடமே வாங்கலாம் என்று சில பெரிய நிறுவனங்கள் ஒதுங்குவதாகச் செய்திகள் வந்தன. ஆர்டர் கொடுப்பவனிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராது என்பது நகரியிலிருந்து குப்பம் வரை எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, பதிவை வேலை தொடங்கும்முன் எடுத்திருக்க வேண்டும். பாக்கி நின்ற பிறகு எடுத்துக்கொண்டு போனால் பயனில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அரசாங்கமே ஆர்டர் கொடுத்தாலும் இதே பாடுதான். கிராமப்புற வேலைத் திட்டத்தில் செய்த வேலைகளுக்கு ஆந்திரத்தில் பில்கள் வருஷக்கணக்கில் நின்று, 2021 அக்டோபரில் உயர் நீதிமன்றம் 12 சதவீத வட்டியோடு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

கம்பெனி விழுந்தேவிட்டால்? 2016ஆம் வருஷ திவால் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. நடவடிக்கைச் செலவு முதலில். பிறகு தொழிலாளர்களின் 24 மாதச் சம்பளமும் அடமானம் பிடித்த பேங்குகளும். அடுத்து மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பிறகு அடமானமில்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசாங்கத்தின் வரி. அதற்குப் பின்னால்தான் கான்ட்ராக்டர். ஒரே ஷெட்டில், ஒரே ஏணியில் ஏறி வேலை செய்தவர்களில் சம்பளப் பட்டியலில் இருந்தவன் முன்வரிசையில், பில் கொடுத்தவன் கடைசியில். தனக்கு வர வேண்டியது ஒரு கோடிக்குக் குறைவாக இருந்தால் அவரால் அந்த வழக்கைத் தொடங்கக்கூட முடியாது. 2020 மார்ச்சில் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்திவிட்டார்கள்.

சித்தூரில் நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு விஜயா டெய்ரியை நினைவிருக்கும். அது கூட்டுறவு, கம்பெனி அல்ல. 2002இல் மூடினார்கள். 182 கோடி ரூபாய் பாக்கியை அரசு தீர்த்து, அமுலுக்கு இடத்தைக் கொடுத்து பூமி பூஜை போட்டது 2023 ஜூலையில். இருபத்தொரு வருஷம்.

நம் எலக்ட்ரீஷியனின் 15,000 ரூபாய்க்கு வருகிறேன். முழுத் தொகைக்கும் பில் போட்டுவிட்டதால் அதற்கும் ஜிஎஸ்டி கட்டியாகிவிட்டது. அதற்கும் சேர்த்தே டிடிஎஸ் பிடித்தாகிவிட்டது. 26ஏஎஸ்ஸில் மூன்று லட்சமும் அவர் பெற்றதாகவே ஏறியிருக்கிறது. பணம் மட்டும் கம்பெனியிடம் இருக்கிறது. எப்போது தருவார்கள் என்று ஒர்க் ஆர்டரில் தேதி எழுதி வாங்கினீர்களா என்று கேட்டால், ‘அது வழக்கமில்லை சார், அவங்களே கூப்பிடுவாங்க’ என்பார்.